புளி போட்டுத் தேய்த்த எக்ஸாஸ்ட் குழாய்

குஷாய்குடா, செகந்திராபாத்,
வெள்ளிக்கிழமை காலை

அன்பு மகள் ஷர்மிளாவுக்கு,

அப்பா எழுதும் கடிதம். நானும் அம்மாவும் இங்கே சௌக்கியம். அம்மாவின் முட்டி வலி மட்டும் மழை மேகத்தைக் கண்டால் தலைகாட்டுகிறது. அந்தப் பனி ஊரில் நீயும் மாப்பிள்ளை ஜெயந்தும் இருமல் சளி இல்லாமல் இருக்க வேண்டும் என்று விளக்கேற்றும்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறோம். ஞாயிற்றுக்கிழமை குடும்பக் குழுவில் நான் போட்ட வரியைப் பார்த்து நீ பதினாறு கேள்விக்குறி போட்டிருந்தாய், எண்ணிப் பார்த்தேன். "விமானப் போட்டியில் கிடைத்த பரிசு எனக்கு உரியதல்ல, அம்மாவுக்கு உரியது" என்று எழுதியிருந்தேன் அல்லவா. நீ போன் செய்து விவரம் கேட்டபோதெல்லாம் உன் அம்மா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு அதை விடுங்க, அவ சாப்பிட்டாளா கேளுங்க என்று பேச்சை மாற்றிவிட்டாள். எனக்கும் வாயால் சொல்ல வரவில்லை. எழுதினால் நீ நடுவில் சிரிக்க முடியாது, நானும் பாதியில் நழுவ முடியாது. அதனால்தான் தபாலாபீஸ் போய் உறை வாங்கிவந்தேன், அங்கே இருந்த பெண் வெளிநாட்டுக்கு எவ்வளவு ஒட்ட வேண்டும் என்று புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துத்தான் சொன்னாள், அவ்வளவு அபூர்வமாகிவிட்டது இது.

நான் ரிட்டையர் ஆன மாதம் நீ அனுப்பிய அந்த மிக்-21 மாடல் விமானப் பெட்டியில்தான் எல்லாம் ஆரம்பம். நிஜ விமானத்தில் நாற்பத்தெட்டில் ஒரு பங்கு என்று பெட்டியின் மேல் போட்டிருந்தது. முதலில் இது சின்னப் பிள்ளைகள் சமாச்சாரம் என்றுதான் நினைத்தேன், பிரித்த பிறகுதான் என்னைப் பிடித்துக்கொண்டது. பிறகு நீயே தனியாக வாங்கி அனுப்பினாயே, பித்தளையில் கடைந்த எக்ஸாஸ்ட் குழாய், விமானத்தின் வாலில் நெருப்பு கக்கும் பாகம், ஒரு ரூபாய் நாணயத்தின் வட்டத்தில், உள்ளே இதழ் இதழாக வெட்டி, அதைக் கையில் எடுத்தால் கீழே வைக்கவே மனம் வராது. மற்ற பாகங்களில் பெயிண்ட் அடித்தால் போதும், இந்தக் குழாயில் சூட்டை வரைய வேண்டும். நெருப்பைக் கக்கிக் கக்கி இரும்பு எப்படி நிறம் மாறுமோ அந்தக் கறை தெரிய வேண்டும், அது தெரியாவிட்டால் விமானம் பொம்மையாகிவிடும். எனக்கென்ன, ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் முப்பத்துநாலு வருடம் ஃபர்னஸ் முன்னால் நின்றவன், சூடு ஏற ஏற எஃகு முதலில் வைக்கோல் நிறம், அப்புறம் பழுப்பு, அப்புறம் கத்தரிப்பூ, கடைசியில் நீலம் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். நாலு நாள் உட்கார்ந்து அடித்தேன். தார்நாகாவில் மாடல் கிளப் நடத்தும் போட்டிக்குப் பத்து நாள் இருந்தது. மேலே வார்னிஷ் மட்டும் பாக்கி, ஹாலில் தூசி என்று அதைச் சமையலறை ஜன்னலில் காயவைத்துவிட்டு மோட்டார் போட மாடிக்குப் போனேன்.

அன்றைக்கு வியாழக்கிழமை. நம் வீட்டில் வியாழன் சாயங்காலம் என்ன நடக்கும் என்று உனக்குத் தெரியும். குத்துவிளக்கு, காமாட்சி விளக்கு, மணி, சொம்பு, எல்லாம் தொட்டி முன்னால் வரிசையாக உட்கார்ந்துவிடும், வெள்ளிக்கிழமைக்குத் தேய்த்து வைக்க. நான் இறங்கி வந்தால் ஜன்னலில் என் குழாய் தங்கம் மாதிரி மின்னுகிறது. நாலு நாள் வேலை, புளியும் உப்பும் போட்டு, நார் வைத்து, இதழ் இடுக்கெல்லாம் பழைய பல் பிரஷ் விட்டுத் தேய்த்திருக்கிறாள். முகமெல்லாம் சிரிப்பு அவளுக்கு. எக்ஸிபிஷனுக்குப் போற சாமான், கரி புடிச்சுக் கெடந்துச்சு, நாலு பேர் பாக்கற எடத்துக்கு அப்படியா எடுத்துட்டுப் போறது, தேச்சு வெச்சிருக்கேன் பாருங்க என்றாள்.

நான் கத்தினேன் ஷர்மிளா. கறிவேப்பிலை வாங்க வந்த மாடி வீட்டு மங்களம் வாசலில் நின்றுகொண்டிருந்தாள், அது தெரிந்தும் கத்தினேன். இருபத்தெட்டு வருஷம் ஃபேக்டரியில சால்டரிங் வெச்சு என்னத்தைக் கிழிச்ச, பெயிண்டுக்கும் அழுக்குக்கும் வித்தியாசம் தெரியலையா என்று கேட்டேன். இதை எழுதும்போதே எனக்கு வெட்கமாக இருக்கிறது. அவள் மங்களத்துக்குக் கறிவேப்பிலை கிள்ளிக் கொடுத்தாள், விளக்கை எல்லாம் துடைத்தாள். அதன் பிறகு மூன்று நாள் என்னிடம் பேச்சு கிடையாது. சாப்பாடு நேரத்துக்கு வந்தது, பிபி மாத்திரை தட்டு ஓரத்தில் வந்தது, பேச்சு எல்லாம் குக்கரோடும் வாசலில் வரும் பூனையோடும்தான். எனக்கு இன்னொன்றும் அப்போது உறைக்கவில்லை, எத்தனையோ வருடம் அடுப்படியில் கரியைப் பார்த்த ஒருத்தி என் பெயிண்டை நிஜக் கரி என்று நம்பித் தேய்த்தாள் என்றால் அதைவிடப் பெரிய சர்டிபிகேட் எனக்கு யார் தரப்போகிறார்கள். கோபத்தில் புத்தி எங்கே வேலை செய்கிறது.

சரி, மறுபடி அடிக்க உட்கார்ந்தேன். முதல் தடவை நிதானமாக வந்தது இந்தத் தடவை வரவில்லை. நாள் குறைவு, கை அவசரம். ஒர்க்‌ஷாப் சுவரில் மாட்டியிருந்த சார்ட் மனசில் இருக்கிறதே, அதே வரிசையில் மஞ்சள், பழுப்பு, ஊதா, நீலம் என்று வளையம் வளையமாகப் போட்டேன். அழித்தேன், மறுபடி போட்டேன். நாலாம் நாள் காபி டம்ளரை மேஜையில் வைத்தவள் குழாயைப் பார்த்து நின்றாள். நின்று, இது என்ன, சேலை பார்டரா என்றாள். மூன்று நாள் கழித்து அவள் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான். எனக்கு முறைக்கக்கூடத் தோன்றவில்லை, பேசினாளே என்று இருந்தது. சூடு கோடு போட்டுக்கிட்டா வரும் என்று கேட்டுவிட்டு உள்ளே போய்ப் பால் பாத்திரத்தைக் கொண்டுவந்து என் முன்னால் கவிழ்த்தாள்.

நீயும் அந்தப் பாத்திரத்தைப் பார்த்திருக்கிறாய், அதில் காய்ச்சிய பாலில்தான் நான் முப்பது வருடமாகக் காபி குடிக்கிறேன், ஒருநாளும் அதன் அடியைப் பார்த்ததில்லை. ஒரு பக்கம் மட்டும் மயில் கழுத்து நீலம், அதுவும் திட்டுத் திட்டாக, நடுவில் வெளுத்து, ஓரத்தில் டிகாக்‌ஷன் சிந்திக் காய்ந்த மாதிரி ஒரு பழுப்பு. நம்ம பர்னர்ல இந்தப் பக்கம் ஓட்டை அடைச்சிருக்கு, தீ அந்தப் பக்கமா நக்கும், அது நக்கின எடத்துலதான் நெறம் ஏறும், சுத்தியும் ஒரே மாதிரி எப்படி ஏறும் என்றாள். குழாயின் உட்புறத்துக்கு நான் கன்னங்கரேல் என்று கருப்பு அடித்திருந்தேன். அதையும் விடவில்லை. தீ நேரா படற எடத்துல கரி நிக்காதுங்க, எரிஞ்சு சாம்பலாத்தான் இருக்கும், கரி எல்லாம் தள்ளி ஆறின எடத்துலதான் படியும் என்றாள். ஃபர்னஸ்காரன் நான் பாத்திரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒர்க்‌ஷாப்பில் நாங்கள் பார்த்தது அளந்து ஏற்றிய சூடு, பொருள் முழுக்கச் சமமாக ஏறினால்தான் பாஸ். இவள் பார்த்தது தன் இஷ்டத்துக்கு எரியும் தீ. விமானத்தின் வாலில் எரிவது எந்தத் தீ, நீயே சொல்.

அப்புறம் நாற்காலியை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டாள். கருப்பும் எஃகு நிறமும் நான் ஸ்ப்ரே செய்து கொடுத்தேன், அவ்வளவுதான் என் பங்கு. பவுடர் டப்பாவின் பஞ்சைத் துளியூண்டு கிள்ளி ட்வீசரில் பிடித்துக்கொண்டாள். எலக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரியில் பூதக்கண்ணாடிக்குக் கீழே அரிசி அளவு பாகங்களுக்கு சால்டரிங் வைத்த கை அது, அறுபது வயதிலும் ஓர் ஆட்டம் இல்லை. என் நிறத்தை எல்லாம் தண்ணீரைப் போல இளக்கச் சொன்னாள். ஒரு ஒற்று, உடனே பாதியைத் துடைத்துவிடுவாள். காய்ந்ததும் இன்னொரு ஒற்று, அதிலும் பாதியைத் துடைப்பாள். போடுவதைவிட எடுப்பதில்தான் அவளுடைய கவனம் எல்லாம். அடிப்பக்கம் நீலம் கொஞ்சம் அழுத்தம், மேலே தொட்டும் தொடாமலும், உள்ளே விபூதியைக் குழைத்துப் பூசிய மாதிரி ஒரு சாம்பல். இரண்டு பகல் உட்கார்ந்தாள். நடுவில் எழுந்து போய்ச் சாம்பார் தாளித்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். முடித்ததும் நான் டார்ச் அடித்துப் பார்த்தேன், விரலை வைத்தால் சுட்டுவிடும் போல இருந்தது, நிஜமாகவே விரலை இழுத்துக்கொண்டேன். இதுவரை கதை நன்றாகத்தான் இருக்கிறது, இனிமேல்தான் உன் அப்பாவின் லட்சணம் வருகிறது.

போட்டிக்குக் கேக் டப்பாவில் பஞ்சு வைத்து ஆட்டோவில் கொண்டுபோனோம். ஸ்பீட் நக்கோ பாயி, வேகம் வேண்டாம் என்று நான் சொல்லச் சொல்ல அவன், உள்ள என்ன சாப், குழந்தையா என்று கேட்டான். ஹாலில் முப்பது நாற்பது விமானங்கள், கப்பல்கள், டாங்கிகள். ஜட்ஜாக வந்தவர் கிருஷ்ணமூர்த்தி என்று திருச்சிக்காரர், விமானப்படையில் என்ஜின் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். நம் மேஜைக்கு வந்து குனிந்தார், பென்சில் டார்ச்சை வால் பக்கம் அடித்தார், நிமிரவே இல்லை. எல்லாரும் உள்ள கருப்ப அப்பி வெச்சிடுறாங்க சார், இவ்வளவு வருஷத்துல இப்பத்தான் ஒருத்தர் சாம்பல் வெச்சுப் பாக்கறேன், நீலம் கூட அடிப்பக்கமாத்தான் படியும், இது பார்த்துச் செஞ்ச கை, நீங்க எங்க வேலை பார்த்தீங்க என்று கேட்டார். கேட்டது என்னை. நான் சொன்னேன், ரயில்வே சார், ஹீட் ட்ரீட்மெண்ட் என்று. அதானே என்றார். சுற்றியிருந்தவர்களும் அதானே என்றார்கள். நான் பொய் ஒன்றும் சொல்லவில்லை பார், கேட்டதற்குப் பதில் சொன்னேன், அவ்வளவுதான். உன் அம்மா எனக்குப் பின்னால் சாப்பாட்டுப் பையைப் பிடித்துக்கொண்டு மேலே ஓடுகிற ஃபேனைப் பார்த்துக்கொண்டு நின்றாள். முதல் பரிசு, தங்க நிறத்தில் பெரிய கோப்பை, என் பெயர் போட்ட அட்டை. போட்டோவை நீ பார்த்தாய். ஃபர்னஸ் அனுபவம் வீண் போகலப்பா என்று நீ எழுதினாய், நான் கும்பிடு பொம்மை ஒன்றைப் பதிலாகப் போட்டேன்.

இந்த இடத்தில் உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். போன மாதம் நீ ராப்பகலாக எழுதிய ரிப்போர்ட் உன் மேனேஜர் பெயரில் போய்விட்டது என்று அம்மாவிடம் சொல்லி அழுதாயே, அவள் விடும்மா, எல்லா எடத்துலயும் அப்படித்தான் என்று சொன்னாளே, நான் பக்கத்து அறையில் இருந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். அந்த ஆளை நான் அன்றைக்குத் திட்டிய திட்டு மங்களம் வீடு வரை கேட்டிருக்கும். ஏன் அவளை விடச் சொன்னே என்று அம்மாவிடமும் பாய்ந்தேன். அதற்கு அவள், நான் சால்டரிங் வெச்ச போர்டு ஒவ்வொண்ணுலயும் இன்ஸ்பெக்டர் முத்திரைதான் இருக்கும், என் பேரு எதுல இருந்துச்சு, நான் நல்லாத்தானே இருக்கேன் என்றாள். அப்படிச் சொன்னவளை வைத்துக்கொண்டுதான் நான் மேடை ஏறிக் கோப்பையை வாங்கினேன். உன் மேனேஜரைத் திட்டிய வாய்.

அப்புறமும் நான் வாயைத் திறந்திருக்க மாட்டேனோ என்னவோ. கிளப் செக்ரட்டரி தினேஷ் போன் செய்தான், நல்ல பையன், தமிழும் ஹிந்தியும் கலந்துதான் வரும் அவனுக்கு. அங்கிள், அடுத்த சண்டே டெமோ குடுக்கணும், அந்த எக்ஸாஸ்ட் எப்படிப் பண்ணீங்கன்னு எல்லாரும் கேக்கறாங்க, நக்கோ மட்டும் சொல்லாதீங்க என்றான். நானும் ஹவ் ஹவ், சரி சரி என்று சொல்லிவிட்டு வைத்தேன். அவள் காய்கறி வாங்கப் போகும் நேரம் பார்த்து சோடா மூடி ஒவ்வொன்றாக எடுத்து அவள் மாதிரியே பெயிண்டை ஒற்றிப் பார்த்தேன். ஒன்பது மூடி. ஒன்பதும் சேலை பார்டர். ஒன்பதாவதைக் குப்பையில் போடப் போனால் முதல் எட்டையும் அவள் எடுத்துக் கழுவி ஜன்னலில் வரிசையாக அடுக்கி வைத்திருக்கிறாள். அதைப் பார்த்ததும் எனக்குள் என்னமோ விட்டுப்போயிற்று. கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் முன்னால் போய் உட்கார்ந்து, அன்னிக்கே உன் பேரைச் சொல்லியிருக்கணும், தப்புதான் என்றேன். விடுங்க என்பாள் என்று நினைத்தேன். அவள் அதைச் சொல்லவில்லை. என் முகத்தைப் பார்க்காமலே, எனக்குத் தெரிஞ்சதை எனக்கே எதுக்குச் சொல்றீங்க, அந்த ஹால்ல இருந்தவங்களுக்குத்தான் தெரியாது என்றாள். முப்பத்துமூன்று வருடத்தில் அவளுக்கு ஒன்று வேண்டும் என்று அவள் வாயிலிருந்து நான் கேட்டது அன்றைக்குத்தான்.

ஞாயிற்றுக்கிழமை அதே ஹால். இந்தத் தடவை கூட்டம் அதிகம். எனக்கு மேடையில் பேசிப் பழக்கம் இல்லை. எழுந்து நின்று, போன தடவை எல்லாரும் என்னைப் பாராட்டினீங்க, நான் வாங்கிக்கிட்டேன், அந்த வேலை என்னோடது இல்ல, என் மனைவி மங்கையர்க்கரசி பண்ணது, நான் பண்ணது அவளைக் கத்தினது மட்டும்தான் என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். நான் உட்காரலாமா நிற்கலாமா என்று தெரியாமல் நின்றேன். கிருஷ்ணமூர்த்திதான் எழுந்து வந்து மேஜை நாற்காலியை இழுத்து, அம்மா நீங்க உக்காருங்க என்றார். உன் அம்மா ஒரு தயக்கமும் இல்லாமல் முந்தானையைச் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள். பையிலிருந்து எடுத்தாள் பார், பால் பாத்திரம்! எனக்கே தெரியாமல் எடுத்து வந்திருக்கிறாள். அதைக் கவிழ்த்து வைத்துத் தமிழும் தெலுங்கும் கலந்து முக்கால் மணி நேரம் பேசினாள். சால்டரிங் அயர்ன் முனை எப்படி நிறம் மாறும், பர்னர் அடைத்தால் நீலம் எங்கே நகரும், ஏன் துடைக்க வேண்டும், எல்லாம். கிருஷ்ணமூர்த்தி நோட்டு எடுத்து எழுதிக்கொண்டார். முடிந்ததும் பரிசு அட்டையைக் கேட்டு வாங்கி, என் பெயரை அடித்து, அவள் பெயரை எழுதி, ஓரத்தில் தன் கையெழுத்தையும் போட்டுக் கொடுத்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை ஷர்மிளா. கோப்பை வாங்கிய அன்றைக்கு எனக்குள் ஏதோ உறுத்திக்கொண்டே இருந்தது, என் பெயரை அடித்த அன்றைக்குத்தான் நெஞ்சு நிறைந்து பஸ்ஸில் வந்தேன். பக்கத்தில் உட்கார்ந்தவரிடம் எல்லாம் இவங்க என் வீட்டுக்காரம்மா என்று சொன்னேன், அவள் என் தொடையில் கிள்ளினாள்.

மறுநாள் கோப்பையைத் தூக்கிக்கொண்டு செகந்திராபாத் பாத்திரக் கடைக்குப் போனேன். நம் வீட்டுப் பாத்திரம் ஒவ்வொன்றிலும் கே.உலகநாதன் என்று என் பெயர்தானே வெட்டியிருக்கும், அந்தப் பால் பாத்திரத்தில்கூட. இதில் அவள் பெயரை வெட்டச் சொன்னேன். வெட்டுகிறவருக்குத் தமிழ் தெரியாது. பெரிதாக எழுதிக் கொடுத்தேன், கோலத்தைப் பார்த்துப் போடுவது போல ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்துப் பார்த்து வெட்டினார். நீளமான பெயர், ஒரு கைப்பிடியில் ஆரம்பித்து அடுத்த கைப்பிடியைத் தாண்டிப் போய்விட்டது. இத்தனை பெரிய பேரா சாப் என்று அலுத்துக்கொண்டார், இன்னும் ஆழமா வெட்டுங்க என்றேன்.

நேற்று வியாழக்கிழமை. நான் பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறேன், சமையலறையில் தேய்க்கிற சத்தம் திடீரென்று நின்றுவிட்டது. எட்டிப் பார்த்தால் விளக்குகளோடு கோப்பையையும் சேர்த்துப் புளி போட்டுத் தேய்த்திருக்கிறாள். தங்க முலாம் எல்லாம் போய் உள்ளே இருந்த தகரம் வெள்ளை வெளேர் என்று தெரிகிறது. சாயம் போயிடுச்சுங்க என்று கையில் வைத்துக்கொண்டு நிற்கிறாள், முகம் சின்னதாகிவிட்டது. மங்களம் வேறு எதற்கோ வந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள், நான் கத்தப்போகிறேன் என்று. நான் கோப்பையை வாங்கி ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தேன். முலாம் போன இடத்தில் அவள் பெயர் முன்னைவிடத் தெளிவாகத் தெரிந்தது. திருப்பிக் கொடுத்து, இன்னும் நல்லாத் தேய், இது போகாது என்றேன். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது, மங்களம் எதற்கு வந்தாள் என்பதை மறந்து போய்விட்டாள்.

உன் மேனேஜர் விஷயத்தை விட்டுவிடாதே. இதை நான் மட்டும் சொல்லவில்லை, போய்க் கேக்கச் சொல்லுங்க அவளை என்று காலையில் அம்மாவே சொன்னாள். பனியில் காதை மூடாமல் வெளியே போகாதே. ஜெயந்தின் பல்வலிக்கு டாக்டரைப் பார்த்தாயிற்றா என்று எழுது. நீங்கள் இருவரும் நூறு வருடம் மனம் ஒத்து, உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்க எங்கள் இருவரின் ஆசீர்வாதம் எப்போதும் உண்டு. இன்னொன்று, மறந்துவிடாதே. அடுத்த விமானத்துக்கு எக்ஸாஸ்ட் குழாய் அனுப்புவதாகச் சொன்னாய் அல்லவா, அந்தப் பார்சலை என் பெயருக்கு அனுப்பாதே. முகவரியில் அம்மா பெயரைப் போடு, முழுப் பெயரும், இடம் போதாவிட்டால் அடுத்த வரியிலும் எழுது.

இப்படிக்கு,
உன் அம்மாவுக்குப் பெயிண்ட் கலக்கிக் கொடுக்கும்
அப்பா,
கே.உலகநாதன்